கயிறு பிடிப்பவர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பழமொழியைத் தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு எவரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. குறுக்குத்துறைப் பாறைகளிலிருந்து குதித்து, உள்நீச்சலடித்து, கைப்பிடி மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்து தோழர்களிடம் காட்டினாலன்றி எங்கள் இளமையில் எவனும் தன்னை நீச்சல்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நானும் அவ்வாறு வளர்ந்தவனே. பின்னர் முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். ஆகவே ஆழத்தைப் பற்றி நான் அறியாதது ஒன்றுமில்லை என்று மனத்திற்குள் ஒரு கோட்டை கட்டி வைத்திருந்தேன். அந்தக் கோட்டை சென்ற ஆண்டு எங்கள் வீட்டு உணவு மேசையின்மீது, ஒரு தாளின் முன்னே இடிந்து விழுந்தது. அந்த நிகழ்ச்சி மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதை எழுதத் துணிகிறேன்.

ஆகஸ்டு மாதம் விண்ணேற்பு விழாவுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகன் பெங்களூரில் பணியாற்றுகிறான். மகளும் மருமகனும் சென்னையில் இருக்கிறார்கள். உணவு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த வேளையில் மகன் மெதுவாகத் தொடங்கினான்.

“அப்பா, கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஜனவரியில நாங்க மூணு பேரும் ஒரு தீவுக்குப் போகலாம்னு இருக்கோம். முதுகில காற்றுக் குடுவையைக் கட்டிக்கிட்டு, கடலுக்குள்ள இறங்கிப் பார்க்கிறது. ஸ்கூபா.”

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் மௌனத்தின் பொருள் எனக்குத் தெரியும். அவள் தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய தந்தை முத்துக் குளித்தவர்.

இளம் வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலின் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பின்வாங்க, பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கிடையே ஒரு சிற்றூராக இருக்கிறது. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய கடற்பயண நூல், கொற்கையின் முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளே ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகிறது. அத்தொழில் எத்தகைய ஆபத்துடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? 1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் வந்து, ஊர் ஊராக நடந்து மறையுரைத்த கரையும் இந்த முத்துக்குளித்துறையே. அதன் கடைசி முத்துக் குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடைபெற்றன. அதன்பின் நம் பகுதியில் அத்தகைய முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் செயற்கை முறையில் சிப்பிக்குள் முத்தை விளைவித்துக் காட்டினர். என் மாமனார் அந்தக் கடைசி ஆண்டுகளில் மூழ்கியவர். சிறுவயதில் விடுமுறைதோறும் தூத்துக்குடிக்குச் சென்ற என் மகன், திண்ணையில் தாத்தாவின் அருகே அமர்ந்து அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தான். இப்போது தாத்தா இல்லை. “தாத்தா பார்த்த கடலடியை நானும் ஒரு தடவை பார்க்கணும்” என்பதுதான் அவன் ஆசை. இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை நான் உணர்ந்தேன்.

முதலில் எந்தத் தீவு என்னும் கேள்வி எழுந்தது. நம் வாசலிலேயே, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றனவே என்று நான் கேட்டேன். ஆனால் அவை 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. விரும்பியவர் விரும்பியபடி இறங்க இயலாது. முற்காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாகத் தீவுகளே கரைந்தன. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியும் போயின. எஞ்சியவை காக்கப்பட வேண்டியவை என்பதை ஒப்புக்கொண்டேன். இலட்சத்தீவு அடுத்து வந்தது. அங்கே செல்ல முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். கப்பலோ கொச்சியிலிருந்து புறப்படுகிறது. மூவருடைய விடுமுறையும் அதற்கு ஒத்துவரவில்லை. முடிவில் அந்தமானைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். முன்பு போர்ட் பிளேர் எனப்பட்டு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள நகரில் இறங்கி, அங்கிருந்து படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றால் சுவராஜ் தீவு. 2018-ஆம் ஆண்டு வரை ஹாவ்லாக் என்று வழங்கியது அதுவே. மழைக் காற்றுகள் ஓய்ந்து கடல் தெளிந்திருக்கும் சனவரி அதற்கு ஏற்ற மாதம். தமிழ் பேசும் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன என்று கேட்டதும் என் மனைவியின் முகம் சிறிதே மலர்ந்தது.

அன்று முதல் எங்கள் வீடு ஒரு வகுப்பறையாயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே ஒரு மடங்கு, 10 மீட்டரில் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திக் காட்டினேன். மருமகன் பணிவுடன் கேட்டுக்கொண்டார், மகள் சிரித்தாள்.

இங்கேதான் தாத்தாவின் மூழ்குதலுக்கும் பேரனின் மூழ்குதலுக்கும் பெரியதொரு வேறுபாடு இருக்கிறது. தாத்தா மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கும். மேலே வரும்போது தன் பழைய அளவுக்கே விரியும். ஆதலால் அவருக்குரிய சட்டம், ‘மூச்சை அடக்கு’ என்பது. 1943-இல் பிரெஞ்சு நாட்டவராகிய கூஸ்தோவும் கான்யானும் சேர்ந்து அமைத்த கருவியோ, ஆழத்தின் அழுத்தத்திற்கு ஈடாகவே காற்றை நுரையீரலுக்குத் தருகிறது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கியபடி மேலே வந்தால் அது இரு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துபோகும். ஆதலால் பேரனுக்குரிய சட்டம், ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே’ என்பது. மேற்பரப்பை நெருங்க நெருங்க ஆபத்துக் குறையும் என்று நாம் நினைப்போம். உண்மை அதற்கு நேர்மாறானது. காற்று மிக விரைவாகப் பருப்பது கடைசி 10 மீட்டரில்தான்.

மற்றொன்று, உடலில் கரையும் நைட்ரஜன். சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதைப் பார்த்திருக்கிறோம். விரைந்து மேலே வருபவரின் குருதியிலும் அப்படியே நிகழும். ஆகவே மெதுவாக ஏற வேண்டும். பல முறை மூழ்கியவர் அதன்பின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறலாகாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே குமிழிகள் அங்கேயும் தோன்றக்கூடும். இதனை அறிந்ததும், கடைசி நாள் மாலையில் மூழ்கி மறுநாள் காலையில் விமானம் என்று அவர்கள் போட்டிருந்த திட்டத்தை மாற்றி, இறுதியில் ஒரு முழுநாளைத் தரையில் கழிக்க ஏற்பாடு செய்தார்கள். ஆபத்து நேரிட்டால் எங்கே மருத்துவ உதவி உண்டு, அழுத்த அறை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்தார்கள். எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

அக்டோபரில் அந்தத் தாள் வந்தது.

மூழ்க விரும்பும் ஒவ்வொருவரும் உடல்நிலை பற்றி எழுதிக் கையொப்பமிட வேண்டிய படிவம் அது. இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, காதில் அறுவை நடந்ததா என்று வினாக்கள். அவற்றுள் ஒன்று, ஆஸ்துமா எப்போதாவது இருந்ததா என்பது. மகன் கையில் பேனாவுடன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அவனுக்கு ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை இழுப்பு இருந்தது. மார்கழிப் பனியில் எத்தனை இரவுகள் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் நடந்திருப்போம்! அதன்பின் படிப்படியாக விட்டுப்போயிற்று. பெங்களூர்க் குளிரில் ஆண்டுக்கு ஓரிரு முறை நெஞ்சு இறுகுவதும், உறிஞ்சு மருந்து எடுப்பதும் உண்டு என்று அன்றுதான் சொன்னான். பயணத்தை ஏற்பாடு செய்துகொடுத்த ஒருவரோ தொலைபேசியில், “எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள் சார், ஆம் என்று எழுதினால் மருத்துவர் சான்று, அது இது என்று அலைய வேண்டிவரும்” என்று கூறியிருந்தாராம். பாதிப் பணம் கட்டியாயிற்று. அவன் கண்களில் இருந்த ஏக்கத்தையும் நான் பார்த்தேன்.

அன்பர்களே, நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சின்ன வயசுல இருந்தது, அதுதான் போயிட்டுதே. இல்லைன்னு போடு தம்பி” என்றேன். பாயில் விதியை வீட்டுக்குள் முழங்கியவன் நான். குறுகிய மூச்சுக்குழலில் சிக்கிய காற்று, மேலே வரும்போது வெளியேற வழியின்றி விரியும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆயினும் பிள்ளையின் ஆசை முன்னே வந்தபோது, கற்றது பின்னே நின்றுவிட்டது.

அப்போது அடுக்களையிலிருந்து என் மனைவி வந்தாள். மகனின் கையிலிருந்த பேனாவை வாங்கி மேசைமீது வைத்தாள்.

“உங்க தாத்தாவுக்கு வலது காது கேக்காது. ஏன்னு தெரியுமால?” என்று கேட்டாள்.

முதுமையால் வந்த செவிடு என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். அன்றுவரை எனக்கே சொல்லாத ஒன்றை அவள் அன்று சொன்னாள்.

முத்துக் குளிப்பவர் ஒரு காலைக் கல்லின் கயிற்று வளையத்தில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கல்லின் பாரத்தோடு ஆழத்திற்குச் செல்வார். கல்லை மேலிருப்பவர் இழுத்துக்கொள்வார். மூழ்கியவர் ஒரு நிமிட அளவில் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலிருப்பவர் உடனே இழுக்க வேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினாலும் உயிர் போய்விடும். அதனால் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில் கொடுப்பது வழக்கம் என்று சொல்வார்கள். தன் சகோதரி விதவையாவதை எந்த அண்ணன் தம்பியும் விரும்பமாட்டான் அல்லவா! என் மாமனாருக்கும் அவருடைய மைத்துனரே கயிறு பிடித்தார்.

1961-ஆம் ஆண்டு. என் மனைவி அப்போது கைக்குழந்தை. குளிப்பு நடைபெறுவது சில வாரங்களே. அதற்குள் ஆண்டுக் கடனை அடைத்தாக வேண்டும். மாமனாருக்குக் கடும் சளி, காதில் குத்தல். சொன்னால் மைத்துனர் இறங்கவிடமாட்டார் என்று அதை மறைத்துவிட்டார். மூன்றாம் முறை இறங்கியபோது அடைத்திருந்த செவிப்பறை கிழிந்து, குளிர்ந்த நீர் உள்ளே பாய்ந்தது. தலை சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கயிற்றை அசைக்க வேண்டும் என்னும் நினைவும் தப்பிப்போயிற்று. மேலே மைத்துனர் வழக்கமான எண்ணிக்கையை எண்ணி முடித்தார். கயிறு அசையவில்லை. கட்டளைக்குக் காத்திராமல் வாரி இழுத்தார். வந்தவரின் காதிலும் மூக்கிலும் குருதி வழிந்தது. உயிர் பிழைத்தார், ஒரு காது போயிற்று.

அன்று மாலை கரையில் மைத்துனர் சொன்னாராம்: “மச்சான், கயிறு பிடிக்கிறவன்கிட்ட மறைக்கிறவன், தன் கயிறைத் தானே அறுத்துக்கிறவன்.”

இதைச் சொல்லிவிட்டு என் மனைவி என்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க போக வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. எங்க அப்பா போன கடல்தானே. ஆனா, மேல இருக்கிறவங்க உங்களை நம்பித்தான கயிறு பிடிக்காங்க? அவங்ககிட்டப் பொய் சொல்லிட்டு இறங்காதிய” என்றாள். அவள் குரல் உயரவில்லை. எனினும் முப்பத்து மூன்று ஆண்டு ஆசிரியனாகிய நான் மாணவனைப் போல் தலைகுனிந்தேன்.

மகன் பேனாவை எடுத்து, ஆம் என்று எழுதினான்.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளந்தார். அளவு நன்றாகவே இருந்தது. எனக்குள் நம்பிக்கை துளிர்த்தது. பிறகு அவனைச் சிறிது நேரம் ஓடச் செய்து, மீண்டும் ஊதச் சொன்னார். இம்முறை அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. குடுவையின் காற்று ஈரமற்றது, குளிர்ந்தது. அதோடு கடலில் உடலுழைப்பும் சேரும். ஆழத்தில் இழுப்பு வந்தால் உடனே மேலே வரவும் முடியாது, இருக்கவும் முடியாது என்று அவர் விளக்கினார். இழுப்பு இருந்த எல்லோருக்கும் மூழ்குதல் தடை அன்று. ஒவ்வொருவரையும் சோதித்தே சொல்ல முடியும். ஆனால் இவருக்கு நான் சான்று தரமாட்டேன் என்றார். மேற்பரப்பில் மிதந்தபடி, முகக் கண்ணாடியும் மூச்சுக் குழலும் அணிந்து, மருந்தைப் படகில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் துணையிருக்கப் பார்ப்பதற்குத் தடையில்லை என்றும் கூறினார்.

திரும்பி வரும் வழியில் சுலோசன முதலியார் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். கீழே ஆறு நிறைந்து ஓடிற்று. அவன் வெகுநேரம் பேசவில்லை. நானும் ஆறுதல் கூற வாயெடுக்கவில்லை. பொய்யைக் கற்பித்த நாவுக்கு அன்று ஆறுதல் சொல்லும் தகுதி இல்லை என்று தோன்றிற்று. கடைசியில் அவனே, “பரவாயில்லப்பா, நான் போறேன். மேல இருந்து பார்க்கிறேன்” என்றான்.

சனவரியில் மூவரும் சென்றார்கள். மகளும் மருமகனும் முதலில் இடுப்பளவு நீரில் பயின்றார்கள். காதில் அழுத்தம் தோன்றும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன் செய்யவும், முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றவும், கையாலேயே சைகை பேசவும் கற்றார்கள். பிறகு பயிற்சியாளருடன் 12 மீட்டருக்கு மிகாமல் இறங்கினார்கள். எதையும் தொடக்கூடாது என்பது அங்கே முதல் விதி. கல் போலத் தோன்றும் பவளம், சின்னஞ்சிறு உயிர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டிய வீடு. ஒரு காலுதை போதும், அது உடைந்துபோக. கடல் சூடேறியதால் 2010-இலும் 2016-இலும் அந்தமானிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்தன. இப்போது காண்பது எஞ்சியதும் மீண்டும் முளைப்பதுமே.

அன்று மாலை மகன் தொலைபேசியில் அழைத்தான். தான் மிதந்தபடி கண்ட வண்ண மீன்களையும், கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும் ஓசை நீருக்குள் கேட்டதையும் சொன்னான். அக்காளும் அத்தானும் ஆழத்தில் இருந்த வேளையில் தான் படகில் ஏறி, அவர்களுடைய குமிழிகள் வரும் இடத்தை விட்டுக் கண் எடுக்காமல் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தானாம். படகோட்டி சிரித்து, “அவங்க பத்திரமா வருவாங்க தம்பி, நீங்க உட்காருங்க” என்று தமிழிலேயே சொன்னாராம்.

“அம்மா, நான் தாத்தாவா இருக்க முடியலை. அந்த மாமா தாத்தாவா இருந்தேன்” என்றான்.

என் மனைவி பதில் சொல்லவில்லை. தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மைத்துனனின் கயிறு தலைமுறை தாண்டி அவள் மகன் கைக்கு வந்துவிட்டது என்று அவள் எண்ணியிருக்க வேண்டும்.

தீவுகளுக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களைத் தடுக்க இதை நான் எழுதவில்லை. செல்லுங்கள், கடவுள் படைத்த கடலடியைக் கண்டு வாருங்கள். பருவமும் பயணச் சீட்டும் பார்ப்பதற்கு முன்னே உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். கேட்கப்படும் வினாவுக்கு உள்ளதை எழுதுங்கள். ஏனெனில் ஆழத்தில் இறங்குகிறவன் தனியே இறங்குவதில்லை. பயிற்சியாளர், படகோட்டி, கூட வருபவர், வீட்டில் காத்திருப்பவர் என்று எத்தனையோ கைகள் அவனுடைய கயிற்றைப் பிடித்திருக்கின்றன.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் ஆசைக்கு இடையூறு வரக்கூடாது என்னும் அன்பினாலேயே சில வேளைகளில் நாம் அவர்களுக்குப் பொய்யைக் கற்பித்துவிடுகிறோம். நான் கற்பித்தேன். என் வீட்டில் என்னைத் தடுக்க ஒருத்தி இருந்தாள். அந்தப் படிவத்தின் நகல் ஒன்று இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘ஆம்’ என்று எழுதிய இடத்தை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.